ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"நினைவகம் இப்போது கொட்டிக் கிடக்கிறது, சார். பைட் கணக்குப் பார்ப்பதெல்லாம் உங்கள் காலத்தோடு போயிற்று." என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. சட்டைப் பையில் இருக்கும் கைபேசியிலேயே பல கிகாபைட் நினைவகம் இருக்கும்போது, நூறு பைட்டுக்கும் இருநூறு பைட்டுக்கும் கணக்குப் பார்ப்பானேன்?

ஆனால் கணினிக்குள் ஓரிடத்தில் மட்டும் இந்த வாதம் செல்லாது. எவ்வளவு நினைவகம் வாங்கிப் பொருத்தினாலும் அந்த இடம் மட்டும் அகலமாவதில்லை. அந்த இடத்தைப் பற்றியும், அங்கே நம் பிள்ளைகள் எப்படிப் புழங்க வேண்டும் என்பது பற்றியும் என் கருத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கணினி படிக்கும் மகனோ, மகளோ, பேரனோ இருக்கும் வீடுகள் நம் சங்கத்தில் நிறைய. கணினியைத் தொட்டே பார்க்காத பெற்றோருக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் உட்கரு உண்டு. கெர்னல் என்பார்கள். வட்டில் எழுதுவது, வலையில் செய்தி அனுப்புவது, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் இதன் பொறுப்பு. 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று ஆண்ட்ராய்டு கைபேசி முதல் பெரிய சர்வர் வரை ஓடுகிறது. நான் சொல்லப்போகும் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான்.

கெர்னலுக்குள் வேலைகள் செயற்கூறு செயற்கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும். அது மற்றொன்றை அழைக்கும். ஒவ்வொன்றுக்கும் தன் வேலை முடியும்வரை கொஞ்சம் தற்காலிக இடம் வேண்டும். இந்த இடத்தை இப்படி நினைத்துப் பாருங்கள். மும்பையில் பத்துக்குப் பத்து அறையில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பாயின் அருமை தெரியும். இரவில் விரிப்போம், எழுந்ததும் சுருட்டி வைப்போம். செயற்கூறும் அப்படித்தான். வந்ததும் பாயை விரிக்கிறது. வேலை முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போகிறது. ஆனால் வேலை முடியுமுன் அது இன்னொருவரை அழைத்தால், தன் பாயைச் சுருட்டாமல்தான் அழைக்கும். வந்தவர் பக்கத்தில் தன் பாயை விரிப்பார். அவர் வேறொருவரை அழைத்தால் மூன்றாவது பாய். கடைசியாக விரித்தவர்தான் முதலில் சுருட்ட முடியும். இந்த அறைக்குத்தான் ஸ்டாக் என்று பெயர், தமிழில் அடுக்கு.

சாதாரண நிரல்களுக்கு இந்த அறை பெரிய மண்டபம். லினக்ஸில் வழக்கமான வரம்பு 8 மெகாபைட். அதே நிரல் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிக் கெர்னலுக்குள் நுழைந்ததும், அங்கே அதற்குக் கிடைப்பது வேறோர் அறை. இன்றைய 64 பிட் கணினிகளில் அதன் அளவு 16 கிலோபைட். மண்டபத்தில் ஐந்நூறில் ஒரு பங்குதான். 32 பிட் ஆர்ம் சில்லு கொண்ட சிறு சாதனங்களில் 8 கிலோபைட். விண்டோஸிலும் கதை ஏறத்தாழ இதுவே: 32 பிட்டில் 12 கிலோபைட், 64 பிட்டில் 24.

ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளிது. கெர்னலுக்குள் இந்த அறை ஒன்றல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பணிக்கும் ஒன்று. பத்தாயிரம் பணிகள் ஓடும் சர்வரில் 16 கிலோபைட் வீதம் சுமார் 160 மெகாபைட் இதற்கே போய்விடும். அவற்றில் பல பணிகள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அறையைக் காலி செய்ய முடியாது. வட்டுக்கு ஒதுக்கி வைக்கவும் லினக்ஸில் வழியில்லை. அறையைக் கூடுதல் பெரிதாகக் கட்டினால், அந்தச் செலவு பத்தாயிரத்தால் பெருகும்.

இதில் ஒரு காலத்தில் இன்னும் சிக்கனம் பார்த்தார்கள். 2004-இல், 2.6 வரிசை லினக்ஸில், 32 பிட் கணினிகளுக்கு அறையை 8 கிலோபைட்டிலிருந்து 4 கிலோபைட்டாகக் குறைக்க வழி செய்தார்கள். காரணம் இல்லாமலில்லை. நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பங்கிடப்படுகிறது. 8 கிலோபைட் வேண்டுமென்றால் இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்துக் கிடைக்க வேண்டும். நெடுநாள் ஓடிய கணினியில் காலி இடம் சிதறிக் கிடக்கும். ஒற்றைப் பக்கம் கிடைக்கும், ஜோடி கிடைக்காது. அதனால் புதிய பணியைத் தொடங்க முடியாமல் போகும். ஃபெடோரா கோர் 2 இந்த 4 கிலோபைட் அமைப்போடு வெளிவந்தது. விண்டோஸுக்காக எழுதிய வயர்லெஸ் டிரைவர்களை என்டிஐஎஸ்-ராப்பர் என்ற ஏற்பாட்டின் மூலம் லினக்ஸில் ஓட்டியவர்கள் அப்போது திண்டாடிப்போனார்கள். 12 கிலோபைட் அறைக்குப் பழகிய டிரைவர் 4 கிலோபைட்டில் எப்படிப் படுக்கும்? பிறகு 4 கிலோபைட் ஏற்பாடு கைவிடப்பட்டது.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் ஆபத்து. சாதாரண நிரல் மண்டபத்தை மீறினால் அந்த நிரல் மட்டும் சாகும். கெர்னல் மீறினால் கணினியே விழும். அதைவிட மோசம், விழாமலே இருப்பது. பழைய அமைப்பில் கடைசிப் பாய் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் விரிந்துவிடும். அங்கே இருந்த தகவல் சத்தமில்லாமல் அழியும். அழிந்த தகவல் யாருடையதோ. அது தேவைப்படும் நேரம் எப்போதோ. அப்போது விழுகிற கணினியைப் பார்த்து யாரும் உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது. 2016 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.9-இல் இதற்கு ஒரு நல்ல மாற்றம் வந்தது. அறையின் முடிவில் யாரும் தொடக்கூடாத காவல் பக்கம் ஒன்றை வைக்க வழி செய்தார்கள். தொட்ட கணமே கணினி காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கும். கணினி நிற்பதில் மாற்றமில்லை. காரணம் தெரிகிறது என்பதுதான் ஆறுதல்.

இப்படிப்பட்ட ஒரு வழக்கை நானே பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்த சிறு தகவல் தொடர்புச் சாதனம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தானாக நின்றுவிடும். மின் இணைப்பை மாற்றினார்கள், நினைவகச் சில்லை மாற்றினார்கள், வெப்பத்தைக் குறை சொன்னார்கள். என்னைப் பார்க்கச் சொன்னபோது, டிரைவர் நிரலில் ஒரு செயற்கூறு 1,500 பைட் அணி ஒன்றைத் தன் பாயாக விரித்து வைத்திருந்தது தெரிந்தது. தனியாக அது ஒன்றும் குற்றமில்லை. 8 கிலோபைட்டில் 1,500 தானே? ஆனால் வலைச் செய்தி குவிகிற நேரத்தில், நினைவகமும் குறைகிற நேரத்தில், அந்தச் செயற்கூறுக்குப் பின்னால் பதினைந்து இருபது பேர் பாய் விரிக்க வேண்டியிருந்தது. அணியை அடுக்கிலிருந்து எடுத்து, சாதனம் தொடங்கும்போதே தனியே ஒதுக்கும் இடத்துக்கு மாற்றினோம். அதன்பின் அது நிற்கவில்லை. மாற்றிய வரிகள் பத்துகூட இருக்காது.

இதிலிருந்துதான் என் கருத்துக்கு வருகிறேன். கெர்னலில் அடுக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதை நினைவகச் சேமிப்பு என்று பார்ப்பது தவறு. அது நமக்குப் பின்னால் வருபவருக்குக் காட்டும் மரியாதை. எழுதுகிறவருக்கு அவருடைய செயற்கூறு மட்டும்தான் கண்ணில் படுகிறது. அவருக்கு முன்னால் எத்தனை பேர் விரித்திருக்கிறார்கள், பின்னால் எத்தனை பேர் விரிக்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கோப்பு அமைப்பை எழுதியவர் ஒருவர், வட்டுகளை இணைக்கும் அடுக்கை எழுதியவர் இன்னொருவர், வலையை எழுதியவர் மூன்றாமவர், டிரைவரை எழுதியவர் வேறு நாட்டில் வேறு கம்பெனியில். ஒரே சங்கிலியில் இத்தனை பேரும் வரலாம். கூட்டுத்தொகைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு காப்பு இல்லை.

2014-இல் நடந்ததைப் பாருங்கள். அதுவரை 64 பிட் லினக்ஸில் அறை 8 கிலோபைட். ஒரு பொறியாளர் தன் சோதனையில் அது நிரம்பி வழிவதைக் கண்டு, முழுச் சங்கிலியையும் பட்டியலிட்டு அனுப்பினார். ஒரு செயற்கூறு நினைவகம் கேட்டது, நினைவகம் இல்லை, எனவே பழையதை வட்டுக்கு ஒதுக்கத் தொடங்கினார்கள், அதற்காக வட்டு டிரைவரை அழைத்தார்கள், அந்த டிரைவரும் தன் வேலைக்கு நினைவகம் கேட்டது. பட்டியலில் எந்தச் செயற்கூறும் ஒரு கிலோபைட்டைக்கூட எட்டவில்லை. எல்லாரும் நல்லவர்கள், ஆனால் அறை நிரம்பிவிட்டது. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் வண்டிக்கு அச்சு முறியும் என்பது தமிழருக்குப் புதிய பாடமல்லவே. அந்த ஆண்டு 3.15 பதிப்பில் அறையை 16 கிலோபைட்டாக்கினார்கள்.

"அப்படியானால் பெரிதாக்கினால் தீர்ந்தது அல்லவா? இன்னும் 32 ஆக்கட்டுமே" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2014-இல் பெரிதாக்கியது சரி என்றே நானும் நினைக்கிறேன். வழிந்துகொண்டிருக்கும் வீட்டில் உபதேசம் செய்து பயனில்லை. ஆனால் அறையைப் பெரிதாக்கினால் பாய்களும் பெரிதாகும். பிழை தேடுவதற்காகச் சில கருவிகளைக் கம்பைலரில் இயக்கினாலே செயற்கூறுகளின் அடுக்குத் தேவை வெகுவாக ஏறிவிடுகிறது. தவிர, எல்லாக் கணினியும் சர்வர் அல்ல. வீட்டு ரூட்டரும் சிறு சாதனங்களும் இன்னும் 8 கிலோபைட்டில்தான் குடித்தனம் நடத்துகின்றன. அதே நிரல் வரிகள் அங்கேயும் போய் ஓடும்.

சிக்கனம் எப்படி? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெரிய அணிகளையும் பெரிய தகவல் கட்டுகளையும் அடுக்கில் வைக்காமல், பொது நினைவகத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும். டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் வைக்காமல் பரணில் ஏற்றுவது போல. வாங்கும்போது கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும், பாதியில் தவறு நேர்ந்து திரும்பும்போதும்கூட, மறக்காமல் ஒப்படைக்க வேண்டும். ஒரு செயற்கூறுக்குத் தகவல் கொடுக்கும்போது கட்டையே நகலெடுத்துத் தராமல், அது இருக்கும் முகவரியைத் தந்தால் போதும். பத்து வகைக் கட்டளைகளைக் கவனிக்கும் ஒரே பெரிய செயற்கூறுக்குள் பத்து வகைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினால், ஒரு சமயத்தில் ஒன்றுதான் நடக்கும் என்றாலும் கம்பைலர் பத்துக்கும் சேர்த்து இடம் பிடித்துவிடக்கூடும். அவற்றைத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரிக்க வேண்டும்; பிரித்ததைக் கம்பைலர் மீண்டும் ஒட்டிவிடாதபடி குறிப்பும் தர வேண்டும். அதற்கென்றே லினக்ஸில் ஒரு குறிச்சொல் இருக்கிறது.

தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் செயற்கூறுகளைக் கல்லூரியில் அழகு என்று சொல்லித் தருகிறார்கள். கெர்னலில் அது ஆபத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாய். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் இன்னொரு பெயரைச் சுட்டி, அது மற்றொன்றைச் சுட்டும் வசதி உண்டு. அந்தச் சங்கிலியைத் தொடர்வதற்கு முன்பு இந்த முறைதான் இருந்தது. அடுக்கு நிரம்பிவிடுமே என்று எட்டு ஆழத்துக்கு மேல் போகாதபடி தடுத்து வைத்திருந்தார்கள். 2015-இல் 4.2 பதிப்பில் அதைச் சாதாரணச் சுழற்சியாக மாற்றி எழுதினார்கள். எட்டு என்ற தடை போயிற்று. சிக்கனம் செய்ததால் பயனாளருக்கு வசதி கூடியது என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு போலி வைத்தியமும் உண்டு. அடுக்கில் இடம் வேண்டாம் என்றால், மாறியை நிலையானதாக அறிவித்துவிட்டால் போயிற்று என்று சிலர் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். அடுக்குக் கணக்கு உடனே குறையும். ஆனால் அந்த இடம் இப்போது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் அதே செயற்கூறுக்குள் வந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். ஒரு நோயைத் தீர்க்க அதைவிடப் பொல்லாத நோயை வரவழைத்த கதை. அதேபோல முப்பது பைட்டுக்கெல்லாம் பொது நினைவகத்தைக் கேட்டு ஓடுவதும் வீண் வேலை. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு.

அளப்பதற்குக் கருவி இல்லையே என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஒரு செயற்கூறு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பட்டியலிட லினக்ஸ் மூலத்தோடு செக்ஸ்டாக் என்ற சிறு நிரலே வருகிறது. 32 பிட்டில் 1,024 பைட், 64 பிட்டில் 2,048 பைட் தாண்டினால் எச்சரிக்கும்படி கம்பைலருக்குச் சொல்லி வைப்பது வழக்கம். ஓடும்போதே அடுக்கு எவ்வளவு ஆழம் போயிற்று என்று பதிவு செய்யும் வசதியும் உண்டு. ஓடும்போதுதான் அளவு தெரியும் என்ற வகை அணிகள், முன்கூட்டிக் கணக்கிட முடியாதவை என்பதாலேயே, பலரது உழைப்பால் கெர்னல் முழுவதிலிருந்தும் களையெடுக்கப்பட்டன. 2018 இறுதியில் வந்த 4.20 பதிப்போடு அந்த வேலை முடிந்தது.

கணக்கில் விடுபடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நீதிமன்ற உதாரணம். 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கேம்ரி கார் விபத்து வழக்கு நடந்தது. விபத்தில் ஒருவர் இறந்திருந்தார். காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்திய மென்பொருளில் அடுக்கு 41 சதவீதம்தான் நிரம்பும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. வாதி தரப்பு நிபுணர் அதே மென்பொருளை ஆராய்ந்து, சுட்டி வழியாகச் செல்லும் அழைப்புகள் போன்றவற்றைச் சேர்த்தால் 94 சதவீதம் என்றார். தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறுகளை அதிலும் சேர்க்கவில்லை. நிறுவனம் மென்பொருள் குற்றச்சாட்டை மறுத்தது. 2011-இல் வெளியான நாசாவின் ஆய்விலும் மின்னணுக் கோளாறு காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரே அறையை இரண்டு பேர் அளந்து 41 என்றும் 94 என்றும் சொல்ல முடிகிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி.

நம் வீட்டுப் பிள்ளைகள் நாளை எழுதப்போகும் நிரல் எங்கே ஓடும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியராக இருக்கும் அன்பர்களே, விடை சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதற்கு எவ்வளவு அடுக்கு செலவாயிற்று என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள். கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் அன்பர்களே, அடுக்கு எச்சரிக்கையைப் பிழையாகவே கருதுங்கள். அது இருக்கும்வரை நிரலை ஏற்காதீர்கள். சோதனையை அமைதியான மேசையில் நடத்தாதீர்கள்; நினைவகம் வற்றி, வட்டும் வலையும் திணறும் நேரத்தில் நடத்துங்கள். படிக்கும் தம்பி தங்கைகளே, பெரிய அணி ஒன்றை அறிவிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னபோது, ஆற்றில் தண்ணீர் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அளக்கும் பழக்கம் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் சொன்னார்கள். கிகாபைட் ஆறு ஓடும் இந்த நாளிலும் அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.